மாப்பிள்ளையின் மகள்களும் மறைத்த பாலும்

1

“…அப்புறம் காலை மடக்கிக்கினு படுத்துச்சுன்னா எவன் வந்து தூக்குவான்? நீ தூக்குவியா, இந்த டாக்டர் தூக்குவாரா, இல்ல உன் கம்ப்யூட்டர் பஸ் ஏறி வருமா?”

கேட்டவர் சரோஜாக்கா. இடம் கீழ்க்கட்டளையில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகை. காலம் எண்பதுகளின் கடைசி. பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அக்காவின் இடுப்பில் காலி வாளி. எதிரே நானும் எங்கள் மாட்டு இன அபிவிருத்தித் திட்டத்து டாக்டரும். என் கையில் ஸ்பிரிங் தராசு. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி, கன்று போட்டுப் பத்து நாளான ஒரு செவலைப் பசு.

அக்கா அப்படியே கொஞ்சம் நிற்கட்டும். அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் காலி வாளியில் எத்தனை பேருடைய எத்தனை வருஷத்து உழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் ஊர் சுற்றி வர வேண்டும். சுற்றுவதற்கு நான் அலுத்துக்கொள்ள மாட்டேன் என்பது தாம்பரத்தில் என் மொபெட்டைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

2

இப்போது நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். வந்து ஏழெட்டு வருஷமாகிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது அங்கே கத்திரி வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இங்கே குளிர் ஆரம்பம். காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப முடியும். வேலை, மாட்டுக் கணக்கு. எந்தக் காளையின் மகள்கள் நன்றாகப் பால் கறக்கும், எந்தக் காளையை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற அலுவலகம். மனிதர்களைவிட மாடும் ஆடும் அதிகமாக உள்ள தேசம் இது. ஆகவே எங்களுக்கு மரியாதை உண்டு.

அந்த மரியாதை சும்மா வரவில்லை. வந்த புதிதில் என் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற ஆபீசில் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அஞ்சல் வழியில் படித்த பி.ஏ. வரலாறு. செய்யப்போகும் வேலை மரபுப் புள்ளியியல். இரண்டும் ஒட்டவில்லை. கடைசியில் நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், “வரலாறு படித்தவர் இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்றார். “அம்மா யார், அப்பா யார், அவர்களுக்கு முன்னால் யார் என்று பார்ப்பதுதானே இந்த வேலை? நான் படித்ததும் அதைத்தான். ராஜாக்களுக்குப் பதிலாக இப்போது காளைகள்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முத்திரை குத்தினார்.

பாஷை விஷயத்தில் நான் வாங்கிய அடிகள் தனி. முதல் வாரம் ஒரு பண்ணைக்காரரிடம் தொலைபேசியில், நம் ஊர் வழக்கப்படி மரியாதையாக, உங்கள் நல்ல பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “இருப்பது ஒரே பெயர்தான் அம்மா, அதுவும் அவ்வளவு நல்ல பெயர் இல்லை” என்றார் மனிதர். இன்றும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லாமல் போக மாட்டார்.

இதை எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். ஒரு பண்ணையில் ஒரே ஒரு பசு மட்டும் அபாரமாகக் கறந்தது. அதன் தகப்பன் காளைக்கும் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. எனக்கு உறுத்தியது. அதே தகப்பனுக்கு மற்ற பண்ணைகளில் பிறந்த மகள்கள் சுமாராகத்தான் கறந்தன. விசாரித்தால், அந்தப் பண்ணைக்காரர் அந்தப் பசுவைச் செல்லமாகத் தனியே கட்டி, தனித் தீனி போட்டு வளர்த்திருக்கிறார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆசை, அவ்வளவுதான். கணக்குக்கோ அது ரத்தத்தின் திறமையா, தீனியின் திறமையா என்று தெரியாது.

எங்கள் பிரிவுத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். “எண்களைச் சந்தேகப்பட நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்றார்.

“கீழ்க்கட்டளையில்” என்றேன்.

எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்தார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பாதியில் பேனாவை மூடிவிட்டார். “எனக்கு ஊர் வேண்டாம், கதையைச் சொல்லுங்கள்” என்றார்.

3

சேலையூரில் எங்கள் வீடு. வேலை தேடி அலைந்த காலத்தில், தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு மாடியில் இயங்கிய அந்தத் திட்ட ஆபீசில் பால் பதிவாளராகச் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், சினை ஊசி மூலம் பிறந்த பசுக்கள் உள்ள வீடுகளுக்கு மாதம் ஒரு முறை போய், கறந்த பாலை எடை போட்டு, ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, கொழுப்பு எவ்வளவு என்று சோதிக்கக் கொண்டுவர வேண்டும். சேலையூர், மேடவாக்கம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை என்று விடியற்காலையில் மொபெட்டில் கிளம்பினால் எட்டரைக்கு ஆபீஸ்.

வயல் எல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஆண்கள் கல் நட்டு மனை விற்றார்கள். மாட்டை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பெண்கள். “நெலத்த வித்துட்டாரு, சரி. மாட்டு மேல கைய வெக்கட்டும், அப்ப இருக்குது கச்சேரி” என்பார் சரோஜாக்கா, வீட்டுக்காரர் காதில் விழும்படியாகவே. சுற்றியிருந்த காலனிகளுக்கெல்லாம் காலையில் அவர் வீட்டுப் பால்தான்.

ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. குளிர்சாதன அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில்கூட அவ்வளவு குளிராக இருக்காது. மேற்குத் தாம்பரத்தில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர் அப்போது கம்ப்யூட்டர் வகுப்பும் தொடங்கியிருந்தார். சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தேன். அவர் சொன்ன ஒரு வார்த்தையை இன்றும் என் மேஜையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: “அதுக்குக் கை வேகம், ஞாபகம் ஜாஸ்தி, சந்தேகம் மட்டும் கிடையாது. சந்தேகம் உன் டிபார்ட்மென்ட்.”

புள்ளியியலைப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். புரியாத இடத்தில் டாக்டரைப் பிடித்துக்கொள்வேன். என் வயதுதான் அவருக்கும். கிண்டல்காரர், ஆனால் கேள்வி கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

கணக்கின் அடிப்படை ரொம்ப எளிது. காளை பால் கறக்காது. மகள்கள் கறப்பதை வைத்துத்தான் அப்பனை எடைபோட வேண்டும். ஆனால் ஒரு மகள் தவிடு, பிண்ணாக்கு தின்னும் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கும், இன்னொன்று சுவரொட்டி மேயும். அதனால் முதலில் வீட்டைக் கழிக்க வேண்டும், அதாவது அந்த வீட்டுத் தீனியால் கூடின அல்லது குறைந்த பாலை; அப்படியே பருவத்தைக் கழிக்க வேண்டும், எத்தனையாவது ஈற்று என்பதையும் கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் ரத்தம். அதோடு அக்கா தங்கை, அத்தை, பேத்தி எல்லோருடைய சாட்சியையும் சேர்க்க வேண்டும். பெண் பார்க்கப் போனால் சித்தப்பா பிள்ளை வரைக்கும் விசாரிக்கிறோம் இல்லையா? சொந்த அண்ணன் குடிகாரன் என்றால் ஒரு யோசனை, ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் பாதி யோசனை. யார் எவ்வளவு நெருக்கமோ அவர் சாட்சிக்கு அவ்வளவு கனம். உலகம் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் நெல்லுக்கும் நடக்கிற கணக்கு இதுதான். இதை இப்படி விளக்கியபோது எங்கள் டாக்டர், “புத்தகத்துல இதுக்கு நாப்பது பக்கம் வசந்தி. நீங்க கல்யாணத் தரகர் வேலையில முடிச்சிட்டீங்க” என்றார்.

4

பொத்தேரி பக்கம் இருந்த காளைக் கொட்டிலில் ஒரு ஜெர்ஸி கலப்புக் காளை இருந்தது. அதற்கு ஒரு எண்தான் உண்டு. ஆனால் நம் பெண்களுக்கு அது மாப்பிள்ளை. “நல்ல நாளா பாத்து மாப்பிள்ளை ஊசியே போடச் சொல்லு” என்பார்கள். கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் அதன் மகள்கள்தான் நிறைய.

முதல் சுற்றுக் கணக்கு முடிந்து தாள் வெளியே வந்தபோது மாப்பிள்ளை கடைசி வரிசையில் இருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “கொழுப்பு நல்லா இருக்கு, பால் இல்லை. அப்படியும் சில காளை அமையும். அடுத்த மாசம் காளைக் கமிட்டி கூடி கழிச்சுக் கட்டிடும்.”

கழித்துக் கட்டுவது என்றால் காளை கசாப்புக்கு, சினை ஊசிக்காகச் சேர்த்து வைத்த அதன் விந்தெல்லாம் குப்பைக்கு.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பாசத்தினால் அல்ல, எண்களினால். நிஜமான மாடுகள் கறந்தால் எண்கள் சிதறிக் கிடக்கும். ஒன்று மூன்று லிட்டர், ஒன்று ஆறு, ஒன்று எட்டு. கீழ்க்கட்டளையில் எந்தப் பசுவும் காலையில் நாலு லிட்டரைத் தாண்டவே இல்லை. கோடு போட்ட மாதிரி எல்லாம் அதற்குக் கீழேயே நின்றன. இன்னொன்று கொழுப்பு. கறக்கும்போது முதலில் வரும் பால் தண்ணியாக இருக்கும், கடைசியில் வருவதுதான் கெட்டி. இது கறக்கிற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் மகள்கள் எல்லாவற்றிலும் பால் குறைவாகவும் கொழுப்பு தூக்கலாகவும் இருந்தால், ஒருவேளை அந்தத் தண்ணிப் பால் என் பாட்டிலுக்கு வந்தே சேரவில்லையோ? நான் போவதற்கு முன்னாலேயே யாரோ ஒரு செம்பு கறந்துவிட்டால்?

எல்லா மாட்டிலும் ஒரே மாதிரி கறந்து ஒளித்திருந்தால்கூடக் கணக்கு தாங்கும். வீட்டைக் கழிக்கும்போது அதுவும் கழிந்துவிடும். ஆனால் நல்ல மாட்டில் மட்டும் ஒளித்தால்? நல்ல மகள்களைப் பெற்ற அப்பன்தான் அடிபடுவான். எத்தனை நல்ல அப்பனோ அத்தனை அடி.

டாக்டரிடம் சொன்னேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சர் வீட்டில் உள்ள மாப்பிள்ளையின் மகள் நன்றாகக் கறக்கிறது, கொழுப்பும் எல்லா மாட்டுக்கும் போலத்தான் இருக்கிறது என்றும் காட்டினேன்.

“ஒரு மாட்டை வெச்சு ஒரு ஊரையே திருடங்கன்னு சொல்லலாமா?”

“திருடங்கன்னு யார் சார் சொன்னா? ஒளிக்கிறாங்கன்னு சொல்றேன். அவங்க பாலை அவங்க ஒளிக்கிறாங்க.”

சிரித்தார். “சரி, நிரூபிங்க. அந்த மகள்கள்ல பாதி வீட்டுலயாவது முன்னாடி தொடாத மடியில நம்ம கண் எதிர்ல கறக்கட்டும். நான் வரேன். இல்லன்னா கமிட்டிகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

5

சரோஜாக்காவிடம் நான் நேரடியாகவே கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “அட, கண்டுபுடிச்சிட்டியா? இத்தினி நாளா கெட்டிக்காரின்னு நெனச்சேன், லேட்டுதான் நீ” என்று டீயைக் கையில் கொடுத்தார்.

காரணம் கண் திருஷ்டி. எடை எழுதுகிற என் கண் பட்டாலும் பரவாயில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓரகத்தி கஸ்தூரியின் கண் படக் கூடாது. நான் எடையைப் படித்துச் சொன்னால் அது மதில் தாண்டிக் கேட்கும். “அவ பாத்தா பச்சத் தண்ணி திரிஞ்சிடும்” என்றார். முன்பு அக்காவிடம் ஒரு பசு இருந்ததாம். ஈன்ற மறுநாள் வாளி நுரை தள்ளியதைப் பார்த்து கஸ்தூரி, “அடேயப்பா, ரெண்டாவது வாளியா?” என்றிருக்கிறார். அன்று சாயங்காலமே அது காலை மடக்கிப் படுத்தது. எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து தெருவில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம். நல்ல மாடு என்றால் எடை போட ஆள் வருவதற்குள் ஒரு செம்பு கறந்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

இங்கே ஹாமில்டனில் இதை வீட்டில் சொன்னபோது, பதின்மூன்று வயதாகும் என் மகள் நித்யா, “அந்த ஆன்ட்டிக்கு சயன்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கலாமே அம்மா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இப்போதெல்லாம் எதையும் ஆங்கிலத்தில்தான் கேட்கிறாள். தோழிகளிடம் என்னை, ‘அம்மா மாடு பண்ணுகிறாள்’ என்று அறிமுகம் செய்கிறாள். தயிர் சாதத்தைக் கண்டால் தட்டைத் தள்ளி வைக்கிறாள். அவள் என்னை விட்டுத் தள்ளிப் போகப் போக நான் அவளிடம் கதை சொல்வதும் கூடிக்கொண்டே போகிறது.

நான் சொன்னேன்: “சரோஜாக்கா பார்த்தது தப்பே இல்லடி. அவங்க பார்த்தது புள்ளிவிவரம்.” நிறையக் கறக்கிற பசுதான் ஈன்றவுடன் சுண்ணாம்புச் சத்து வற்றிப்போய் விழும். அதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். வாளி நிறைந்த மாடு விழுந்ததை அக்கா பல வீட்டில் பார்த்திருக்கிறார். வாளி நிறைந்தால் அக்கம்பக்கம் வாய் பிளக்கும், வாளி நிறைந்த மாடே நோயிலும் விழும். இரண்டும் சேர்ந்து வந்தால் இதனால்தான் அது என்று யாருக்குத்தான் தோன்றாது? இதே தப்பைப் பட்டம் வாங்கியவர்கள் கட்டுரை எழுதிச் செய்வதை நான் இங்கே வாரம் ஒரு முறை பார்க்கிறேன். நித்யா யோசித்தாள். “அப்போ அவங்க டேட்டா கரெக்ட், காஸ்தான் ராங்” என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்குத் தயிர் சாதத்தை மன்னித்துவிட்டேன்.

அன்று கீழ்க்கட்டளையில் அக்காவிடமும் பால் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், நம்பினார் என்று சொல்ல முடியாது. பிறகு மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். “அக்கா, நீங்க ஒளிச்ச பாலெல்லாம் சேர்ந்து அவனைக் கசாப்புக்கு அனுப்பப் போவுது. அடுத்த மாசம்.”

அக்காவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. “நம்ம மாப்பிள்ளையா?”

“நம்ம மாப்பிள்ளைதான்.”

“அவனப் போல ஒருத்தன இன்னொரு வாட்டி கொணாந்து குடுப்பாங்களா?”

“மாட்டாங்க. மகளுங்க கறக்கலன்னு எழுதியாச்சே.”

கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய செவலைப் பசு மாப்பிள்ளையின் மகள். அதன் கிடேரிக் கன்று கொட்டகையில் துள்ளிக்கொண்டிருந்தது. தெருவில் மற்ற வீடுகளுக்கும் போனேன். எல்லோரிடமும் ஒரே பதில்தான். “சரோஜா மறைக்காம கறந்தா நாங்களும் கறக்குறோம். அவ மாடு விழுந்துச்சுன்னா எங்க வாசப்படி மிதிக்காத.”

ஆக மாப்பிள்ளையின் தலையும், என் கணக்கும், அந்தத் தெருப் பெண்கள் இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நல்ல ரத்தமும் அந்த ஒரு வாளியில் வந்து நின்றன.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசைக் கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை பிழைத்தது. மறு கணக்கில் முதல் வரிசைக்கு வந்தது. அதன் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்று மேடவாக்கம் தாண்டியும் கறக்கின்றன என்று டாக்டர் எழுதுகிறார். கொழுப்பை வைத்து ஒளித்த பாலைக் கண்டுபிடிக்கும் முறையை நானும் அவரும் சேர்ந்து எழுதினோம். அதைப் படித்துவிட்டுத்தான் இந்த ஊரிலிருந்து எனக்கு ஆள் அனுப்பினார்கள். பிரிவுத் தலைவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்கள் ஊர்ப் பெண்கள் ஒளித்தார்கள், எங்கள் ஊர் ஆண்கள் ஊட்டினார்கள். இரண்டுமே காதல்தான்” என்றார். வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவில்லை.

சேலையூர் மொபெட்டிலிருந்து கிளம்பி வந்தவள் நான். பெருமையாகத்தான் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

6

இனி அந்தக் கொட்டகைக்குப் போகலாம். அக்கா கேட்டுவிட்டு நிற்கிறார். கம்ப்யூட்டர் பஸ் ஏறி வருமா?

டாக்டர்தான் பதில் சொன்னார். “கம்ப்யூட்டர் வராதும்மா. நான் வருவேன்.” பையிலிருந்து கால்சியம் பாட்டிலை எடுத்து, கொட்டகைக் கூரையில் கைக்கெட்டும் இடத்தில் செருகினார். “ஈன்னு பத்து நாள் ஆச்சு, பெரும்பாலும் பயம் தாண்டியாச்சு. பெரும்பாலும்னுதான் சொல்றேன், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா காலை மடக்கினா ராத்திரி பகல் பாக்காம ஆள் அனுப்புங்க. பொறுப்பு என்னுது.”

“சத்தியம் பண்ணியிருந்தீன்னா வெளிய போன்னு சொல்லியிருப்பேன்” என்றார் அக்கா.

வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் டாக்டரைப் பார்த்தேன், டாக்டர் மாட்டைப் பார்த்தார். போனவர் திரும்பி வருவாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் சோற்றுப் பானையின் அடிக்கரி. பசுவின் இடுப்பில் ஒரு பொட்டு வைத்தார். அப்புறம் என்னிடம் வந்து, மோவாயைப் பிடித்துத் திருப்பி, என் கன்னத்தில் அழுத்தி ஒன்று வைத்தார்.

“எனக்கு எதுக்குக்கா?”

“மாட்டுக்கு மட்டும் வெச்சா ஆச்சா? கண்டுபுடிச்சவ நீதானே. நாளைக்கு ஊருக்கண்ணு எல்லாம் உம்மேலதான்.”

டாக்டர் மெல்ல ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “நீ பயப்படாத சார், உன்ன யாரும் பாக்க மாட்டாங்க” என்றார் அக்கா.

பிறகு பலகையை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மதிலோரம் போனார். கவிழ்ந்து கிடந்த உரலின் மேல் ஏறி நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

“ஏ கஸ்தூரி! தூங்கிக்கினு கீறியா? எழுந்து வாடி இங்க. என் மாடு எத்தினி கறக்குதுன்னு கண்ணத் தொறந்து நல்லா பாரு!”

இறங்கி வந்தார், பலகையில் உட்கார்ந்தார், இரண்டு முழங்காலுக்கும் நடுவே வாளியை இறுக்கிக்கொண்டு பசுவின் மடியில் கை வைத்தார்.